இரண்டாவது கியருக்கு ஒரு முழங்கால்

என்னங்க,

கடிதத்திலும் இப்படித்தான் கூப்பிட வருகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் நம் வாலு மகளும் உங்கள் தம்பியும் நலம். நீங்கள் நலமாக இருப்பதை அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம்.

பிழைப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் வண்டியோடு சேர்த்து எல்லா லாரிகளையும் போருக்கென்று ராணுவம் எடுத்துக்கொண்டதில் மண்டியில் வெங்காயம் முளைவிட்டுக் கிடந்தது. உங்கள் தம்பி ஒரு பழைய டிராக்டரை வாடகைக்குப் பிடித்தார். நாங்கள் இருவரும் மூட்டை ஏற்றிக் கடைகடையாகப் போட்டு வருகிறோம். மண்டிக்காரர் என்னைப் பார்த்து, "லாரிக்காரர் திரும்பி வந்தா உன்கிட்டதாம்மா வேலைக்குச் சேரணும்" என்று கிண்டல் செய்கிறார். வாருங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்களை எப்போது விடுவார்கள் என்று கேட்க ராணுவ அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த அதிகாரி தன்மையான மனிதர். "நாங்க கேட்டது வண்டியை மட்டும்தாம்மா. மாத்து டிரைவரை அனுப்பி மாசமாச்சு, பக்கத்து சீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கான். வேற யார் கைக்கும் இந்த வண்டி வராதுன்னு உங்க வீட்டுக்காரர்தான் இறங்க மாட்டேங்கறார்" என்றார். வந்த கோபத்தில் அவர் கொடுத்த டீயைத் தொடாமல் எழுந்துவிட்டேன். அழுகையைத் தெருவுக்கு வந்துதான் அழுதேன்.

அந்த லாரி எனக்குச் சக்களத்தி என்று எல்லாரும் சொல்லும்போது சிரிப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை. மலைப்பாதையில் வெடிகுண்டுப் பெட்டி ஏற்றிப் போகும் வண்டிகளைத்தான் விமானங்கள் தேடித் தேடி அடிக்கின்றனவாம். எங்கே ஹாரன் கேட்டாலும் வாலு வாசலுக்கு ஓடுகிறாள். "நம்ம வண்டி இல்லம்மா, விடு" என்று திரும்பி வந்து எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அந்த இரும்புக்கு நீங்கள் வேண்டும், எங்களுக்கு வேண்டாமா?

உங்களிடம் சொல்லிப் பயனில்லை. இதற்குக் கீழே இருப்பது அந்த மாற்று டிரைவருக்கு. அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

தம்பி, உன் முகம் எனக்குத் தெரியாது. என்னை அக்கா என்று நினைத்துக்கொள். இத்தனை வருடம் அந்த வண்டியில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் சொல்கிறேன். ஏற்றத்தில் இரண்டாவது கியர் தானாக நழுவும், இடது முழங்காலால் அணைத்துப் பிடி. இறக்கத்தில் பிரேக்கை இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கும். காலையில் கிளம்ப அடம்பிடித்தால் திட்டாதே, கொஞ்ச நேரம் விட்டுச் சாவியைத் திருப்பு. வித்தை அவ்வளவுதான்.

இன்னொன்று. வண்டியின் குறையை வெளியே சொல்ல இவருக்கு வாய் வராது, அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. டிரைவர் பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. வெளியே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். சரி செய்யச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எவ்வளவு குளிரடித்தாலும் கண்ணாடியை ஏற்றாதே, போர்த்திக்கொள்.

உன்னை அந்த சீட்டில் உட்காரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உனக்காகவும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வானத்தில் சத்தம் கேட்டால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடு. அது எங்கள் வண்டி, நான் சொல்கிறேன், எரிந்தால் எரியட்டும்.

நீ நூறு வருஷம் நன்றாக இருப்பாய். வெளியே நின்று அந்தக் கதவைத் திறந்து, இவர் கையைப் பிடித்து இறக்கிவிடு.

உனக்கு அக்கா,
அவருக்கு மனைவி.