சாருஜா கலியாணமும் வண்டுச் சத்தமும்

நீர்வேலி,
12.05.2025

அன்புத் தங்கச்சி தனுசியாவுக்கு,

நாங்கள் சுகம். கதலி வாழை இந்த முறை நல்லாய்க் குலை தள்ளியிருக்கிறது. நீ ஒஸ்லோவில் மூளை ஆராய்ச்சி என்று எங்களை மறந்துவிட்டாய், போகட்டும்.

மகள் சாருஜாவின் கலியாணம் ஆவணியில். ட்ரோன் கமராவில் படம் பிடிப்பார்களாம். சண்டைக் காலத்தில் வன்னியில் தலைக்கு மேலே சுற்றிய வேவு விமானத்தை 'வண்டு' என்போமே, அதே இரைச்சல். கேட்டால் கால் விறைக்கிறது. போன மாதம் அயல்வீட்டுக் கலியாணத்தில் அது கேட்டதும் வாழைத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தேன். தாரை வார்க்கும்போது இந்தக் கோழை ஓடினால் பிள்ளைக்குத்தானே வெட்கம்? பெரியப்பா வீட்டுக் கதிரவேலு அண்ணையை எனக்குப் பதிலாய்த் தாரை வார்க்கக் கேட்கப்போகிறேன். சாருஜா அறியக்கூடாது என்றுதான் போனில் கதைக்காமல் தபாலில் போடுகிறேன்.

அன்பு அண்ணை,
பஞ்சலிங்கம்

ஒஸ்லோ,
30.05.2025

என் அருமை அண்ணைக்கு,

மறந்தேனா? ஒருநாள் நேரில் வந்து கதைக்கிறேன் உங்களோடு!

இங்கே எலி பயந்து விறைக்கும்போது அதன் மூளையைப் பதிவு செய்கிறோம். நெற்றிப் பக்கமும் பயத்தைக் காக்கும் உட்பகுதியும் செக்கனுக்கு ஏறக்குறைய நாலு தரம் ஒரே தாளத்தில் அலையடிக்கும். இன்ன சத்தம் ஆபத்து என்று மூளை படிப்பதற்கு இப்படியான தாளங்கள் துணை. ஒவ்வொரு முறையும் அதிசயித்துப் போகிறேன். மனிதரில் இன்னும் முழுதாய்த் தெரியாது. ஆனால் வண்டுச் சத்தத்தை நீங்கள் அவ்வளவு கெட்டியாய்ப் படித்ததால்தான், அன்று எல்லாருக்கும் முதல் கேட்டு என்னைப் பதுங்குகுழிக்குள் தள்ளினீர்கள். நீங்களா கோழை?

ஒன்று மட்டும் பிழை. ஓடினால், ஓடியதால்தான் தப்பினோம் என்று மூளை நினைக்கும். தூரத்தில் நின்று கொஞ்சம் கொஞ்சமாய்க் கேளுங்கள். ஒன்றும் நடக்காது என்பதையும் அது படிக்கும். சாருஜாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் தனுசியா

நீர்வேலி,
14.09.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சொன்னேன். சாருஜா அழுதுவிட்டு, கமராக்காரர் சுரேஸைத் தோட்டத்துக்கே கூட்டிவந்தாள். முதல் நாள் கடைசி மூலையில் ட்ரோனைப் பறக்கவிட்டார். வேர்த்துக் கொட்ட நின்றேன். பிறகு கிழமைக்குக் கிழமை கிட்டக் கொண்டுவந்தோம். பயம் போகவில்லை, தணிந்தது. நீ படித்த படிப்பைக் கும்பிட வேண்டும் தங்கச்சி.

நானே தாரை வார்த்தேன். முடிந்ததும் ட்ரோன் தலைக்கு மேலே இறங்கியது. கால் விறைத்தது.

"அப்பா, நிப்பாட்டச் சொல்லட்டே?"

"வேண்டாம் பிள்ளை, எடுக்கட்டும்."

படம் வந்திருக்கிறது. எல்லாரும் மேலே பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் ஓடவில்லை. ஆனால் என் இரண்டு கையும் சாருஜாவின் தலையைப் பொத்திக்கொண்டிருக்கின்றன. எப்போது பொத்தினேன் என்று எனக்கே தெரியாது. சுவரில் வேறு படம் கொழுவச் சொல்லி ஏசினேன். "இதுதான் அப்பா வடிவு" என்று பெரிதாக்கிக் கொழுவிவிட்டாள்.

அண்ணை