மேனேஜர் கொடுத்த வாக்கு

1998 ஆவணி, ஞாயிறு.

எங்கள் அபிமான நடிகர், தலைவரே வந்து தாலி எடுத்துக் கொடுப்பார் என்று அவருடைய மேனேஜர் சொன்னதை நம்பி, என் நண்பன் செல்வம் தன் கல்யாணத் தேதியையே மாற்றினான். இன்று தி.நகரில் தலைவரைப் பார்த்தோம். "மேனேஜர் சொன்னா நான் என்னப்பா பண்றது? நான் சொல்லலையே!" என்றார். த்தூ! ஏஜெண்ட் கொடுத்த வாக்கு முதலாளியைக் கட்டுப்படுத்தும் என்று பிரவுசிங் சென்டரில் சட்டமே படித்திருக்கிறேன். ரசிகர் மன்றத்திடம் அவர் பேசுவதெல்லாம் அந்த மேனேஜர் வாயால்தான். இது மட்டும் யார் வாயாம்?

வெளியே வந்ததும் செல்வம் அழுதான். "மச்சி, தேதி மாத்துனதுலேர்ந்து கமலா வூட்ல கல்யாணமே வேணாங்கிறாங்க. எனக்காக நீ போய்ப் பேசுடா."

"நான் இன்னா உன் மேனேஜரா? நீயே போய்ப் பேசுடா!"

கமலா வீட்டுக்குப் போக அவனைத் திருவல்லிக்கேணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இன்னும் போன் வரவில்லை.