பேண்டேஜ் துணியில் அளந்த டயர்

மச்சான்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாவது கேட்டால் நீ இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்வாய். இத்தனை வருடமாக டயர்க் கடை வைத்திருக்கிற நான், என் கடை வாசலிலேயே, நானே கழற்றிப் போட்ட டயரில் தடுக்கி விழுந்தேன். கஸ்டமர் ஒருவர் ஏதோ கேட்டார். பெரிய மனிதன்போல் கையை ஆட்டி விளக்கிக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன். அவ்வளவுதான். கணுக்கால் வீங்கி, தோலும் பெயர்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா புது பேண்டேஜ் உருளையைப் பிரித்தார். வெளுத்த பருத்தி வாசம் குப்பென்று வந்தது. அது உன் தலைமுடியின் வாசம். நான் சிரித்துவிட்டேன். "வலிக்கலையா?" என்று கேட்டார். வலித்தது. ஆனால் அவர் அந்தத் துணியை இழுத்து இழுத்துச் சுற்றினார், மச்சான். இழுத்தால் அது எம்புட்டு நீளும் என்று நம் இரண்டு பேரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த ஜில்லாவில் உண்டா?

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நீ சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டினாய். நான் ராஜபாளையம் தென்காசி ரோட்டில் பஞ்சர் கடைக்கு ஒரு சாய்ப்புக் கூரை இறக்கி, 'சகல டயர் வேலைகளும்' என்று போர்டு எழுதி மாட்டியிருந்தேன். ஷிப்ட் முடிந்து வருவாய். தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சு. அதுக்குள்ள நரைச்சிருச்சா மச்சான் என்று தினமும் கேட்பேன். நீ சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடிப்பாய். போகப்போக சிரிப்புக்கு முன்னாலேயே இருமல் வந்தது. பஞ்சுத் தூசியை விட்டு வெளியே வந்தால்தான் நெஞ்சு பிழைக்கும் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து என்ன சாப்பிடுவது என்பதை அவர் சொல்லவில்லை. தறியை விட்டால் உனக்குத் தெரிந்த ஒரே வேலை கார் ஓட்டுவதுதான்.

உன் முதலாளியிடம் ஒரு வெளிநாட்டுக் கார் இருந்தது. நீளமாக, கறுப்பாக, கதவைச் சாத்தினால் பெட்டகம் சாத்துகிற சத்தத்தோடு. நாம் அதற்குக் கப்பல் என்று பேர் வைத்திருந்தோம். அவருடைய பழைய டிரைவர், கண் பார்வை மங்கி, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் முதலாளி மெட்ராஸிலிருந்து நான்கு பெரிய அலாய் சக்கரங்களோடு வந்து இறங்கினார். ஒவ்வொன்றும் கல்யாண வீட்டு அண்டாமூடி மாதிரி மின்னியது. கப்பலில் இருந்தது பதினைந்து அங்குலம். இது பதினேழு. சக்கரம் வந்தது, டயர் வரவில்லை.

நீ போய் டிரைவர் வேலை கேட்டாய். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்தச் சக்கரத்தோடதான் எம் பொண்ணு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துல போய் இறங்கணும். சரியான டயரப் பாத்து மாட்டி, ஒரு உரசல் இல்லாம நீயே கொண்டுபோய்ச் சேரு. சேத்துட்டா சாவி ஒனக்கு."

அன்று சாயங்காலம் நீ கடைக்கு வந்தபோது இருமக்கூட மறந்திருந்தாய்.

பழைய டயரில் 195, 65, 15 என்று போட்டிருந்தது. கடைசி எண் சக்கரத்தின் அங்குலம், முதல் எண் டயரின் அகலம் என்பது எனக்குத் தெரியும். நடுவில் நிற்கிற எண்தான் டயர் பக்கவாட்டில் எவ்வளவு உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று சொல்கிறது. அன்று அது தெரியாது. கம்பெனிக்காரன் ராசி பார்த்துப் போடுகிறான் என்று நினைத்திருந்தேன். லாரிக்கும் டாக்சிக்கும் கழற்றிய அளவையே திரும்ப மாட்டுகிறவனுக்கு நடு எண் எதற்கு?

ஆனால் ஒன்று தெரியும். சக்கரம் எவ்வளவு பெரிதானாலும் டயரின் வெளிச்சுற்று பழையபடியே இருக்க வேண்டும். கூடினால் மட்கார்டில் உரசும். அந்தச் சுற்றை அளக்கத் தையல்காரர் டேப்பை வாங்கிவந்தேன். முக்கால் சுற்றிலேயே முடிந்துபோனது. நீ மடியிலிருந்து பேண்டேஜ் உருளையை எடுத்தாய். "நம்ம துணி பொய் சொல்லாது, மாப்ளே."

ஜாக்கி போட்டுத் தூக்கி, முதலாளி கார் என்று, பச்சைப்பிள்ளைக்குச் சுற்றுவதுபோல் பூவாகச் சுற்றினாய். முனை சேர்ந்த இடத்தில் வெட்டி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். பஸ் பிடித்து மதுரைக்குப் போனோம்.

மதுரைக் கடையில் பதினேழு அங்குலத்துக்கு இரண்டு ஜாதி டயர் இருந்தது. இரண்டும் 225 அகலம். ஒன்றில் நடு எண் 45, இன்னொன்றில் 50. கடைக்காரர் 45-ஐத் தட்டிக் காட்டினார். சக்கரம் பெரிதாகப் பெரிதாக ரப்பர் ஒடுங்க வேண்டும், அப்போதுதான் மொத்தம் ஒன்றாக நிற்கும் என்றார். எனக்கு அந்தச் சப்பை டயரைப் பார்க்கவே சகிக்கவில்லை. நீ அதைத் தூக்கிப் பார்த்து, "இது டயரா, வளையலா? நம்ம ரோட்டுல குழிக்கு ஒண்ணு வாங்கணுமே" என்றாய். விற்காமல் கிடப்பதை நம் தலையில் கட்டுகிறார் என்று முடிவு செய்துவிட்டோம். அவர் முகத்துக்கு நேரே துணியை எடுத்தோம். ஒரு முனை உன்னிடம், ஒரு முனை என்னிடம். அவருக்குப் பாடம் காட்டுகிற வேகத்தில் விறைப்பாகச் சுற்றினோம். 45-க்கு நாலு விரல் துணி மிஞ்சியது. 50-க்கு முனையும் முனையும் முத்தமிட்டன. கடைக்காரர் 50-க்கே பில் எழுதினார்.

மாட்டினோம். கப்பல் இன்னும் ஒரு சுற்று பெரிய கப்பலாகிவிட்டது. காலியாக ஓட்டிப் பார்த்தாய், எண்ணெயில் வழுக்குவதுபோல் போனது. நான் போர்டில் 'வெளிநாட்டுக் கார்' என்று சேர்த்து எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ இறங்கவே இல்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, "பொண்ணு தனியாவாலே போவா?" என்றாய்.

அதுதான் நீ. நம் பக்கத்தில் பெண் அழைத்துப்போகிற காரில் பெண்ணுக்கு மட்டும்தான் இடம் இருக்காது. பெரியம்மா, அத்தை, அவிய மடியில் ஒரு பிள்ளை, பின்டிக்கியில் சீர்ப் பாத்திரம். ஆகவே டிக்கியில் பேண்டேஜ் பேல் மூட்டைகளை அடைத்தாய். பின்சீட்டுக்கு உன் அம்மா, என் அம்மா, பக்கத்து வீட்டு ஆச்சி. சோதனைதான் என்று சொல்லியும் மூன்று பேரும் பட்டு கட்டி, பூ வைத்து வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் மடவார் வளாகம் வரை ஒரு சத்தமில்லை. கோயில் பக்கம் வண்டியை ஒடித்துத் திருப்பியபோது ஆரம்பித்தது. உன் அம்மாதான் முதலில் கேட்டார்.

"ஏலே, அடியில யாருலே மாவு ஆட்டுறது?"

இறங்கிப் பார்த்தோம். டயர் விளிம்பு மட்கார்டில் தேய்ந்து, ரப்பர் துருவல் தேங்காய்த் துருவல் மாதிரி கிடந்தது. கல்யாணம் நாளை மறுநாள். நான் சொன்னேன், மட்கார்டின் உள்விளிம்பை இரண்டு தட்டுத் தட்டினால் இடம் கிடைத்துவிடும், யாருக்கும் தெரியாது என்று. நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது.

"அவிய காருலே அது. நீ சுத்தியல எடுத்தேன்னா நான் தறிக்கே திரும்பிப் போயிருதேன்."

நேரே முதலாளி வீட்டுக்கு விட்டாய். பட்டுச்சேலைகளும் பின்னாலேயே இருந்தன. அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்கு, மனசு குளிர்ந்தால் தமிழ். நீ எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாய். டயர் தப்பு, மதுரைக்காரர் சொன்னதுதான் சரி, அளந்தது நான் என்று. நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்று எந்தப் பாஷை வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எதில் அளந்தாய் என்று கேட்டார். நம்ம துணியில, முதலாளி என்றாய்.

 வயிறு குலுங்க, தமிழில் வந்தது.

"ஏலே, நீளாத துணியா இருந்தா எவம்லே எங்கிட்ட பேண்டேஜ் வாங்குவான்?"

சிரித்து முடித்து, ஆளை ஏற்றிப் பார்க்க யார் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றாய், ஏதோ இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறவன்போல. அவர் தலையை மட்டும் ஆட்டி, போய் மாற்றிக்கொண்டு வா என்றார். மறுநாள் மதுரைக்காரர் நம்மைப் பார்த்ததும் 45-ஐ உருட்டிவிட்டு, "வளையல் வந்துருச்சு" என்றார். அதற்கும் தலையை ஆட்டினோம்.

கல்யாணத்தன்று நான் சைக்கிளில் முன்னாலேயே போய் மண்டப வாசலில் நின்றேன். நீ ஒவ்வொரு குழியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு விலக்கியிருக்க வேண்டும். பெண் வழியிலேயே தூங்கிவிட்டாள், இறங்கும்போது எழுப்பினார்கள். நீ சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாய். முதலாளி கையை நீட்டவில்லை.

அதற்குப் பிறகு கப்பல் மாறியது, முதலாளியின் மகன் காலம் வந்தது, நீ மட்டும் ஸ்டீரிங்கில் அப்படியே இருந்தாய். பஞ்சு போய்த் தலை கறுத்தது. இருமல் நின்றது. எனக்குத்தான் கேலிக்கு வழி இல்லாமல் போனது. கடைசியில் பஞ்சில்லாமலே நரைத்து, போன பங்குனியில் போயும்விட்டாய். அன்று மதுரையில் துணியை இழுத்தது யார் என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. இழுத்தது நீதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இப்போது பெரிய சக்கரம் கேட்டு வாரத்துக்கு ஒருவராவது வருகிறார். போனிலேயே கணக்குப் போட்டு அளவோடு வருகிறார்கள், அதுவும் சரியாகவே இருக்கிறது. எல்லாம் கேட்டுவிட்டு, வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு வாருங்கள், பிறகு மாட்டுகிறேன் என்பேன். சிரிப்பார்கள். "வண்டி காலியா நிக்கையில எல்லா டயரும் நல்ல டயர்தான்" என்று நீ சொன்னதைச் சொல்வேன். மறுநாள் மாமியாரோடு வருவார்கள்.

இதுவரை நேற்று கடையில் உட்கார்ந்து எழுதியது. எழுதி முடித்து எழுந்தேன். கட்டின் முனை நாற்காலிக் காலில் மாட்டியிருந்திருக்கிறது. துணி நன்றாக நீண்டது. கடை வாசல் வரை வந்தது. அங்கே அதே டயர் கிடந்தது, மறுபடியும் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் அதே நர்ஸம்மா இருந்தார். கட்டை இப்படி இழுத்தது யார் என்று கேட்டார். எங்க மச்சான் என்றேன். எழுதிக்கொண்டார்.