பாதிப் போத்தல் தண்ணீர்

என் அன்பு மல்லிகா அக்காவுக்கு,

நீ அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதே ஸ்கேன் அறை. கையில் ஒரு பெரிய போத்தல் தண்ணீர். குடிக்கச் சொல்லி அரை மணி நேரமாகிறது, பாதிக்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது.

எனக்கும் வலி வந்துவிட்டது அக்கா. மேல்வயிற்றில், மலைக்குப் போகும்போது நாம் இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கைக் கயிறு போட்டுக் கட்டுவோமே, அதற்குக் கொஞ்சம் மேலே. உனக்கு இருந்ததுதான் எனக்கும் என்று சொல்ல முடியாதாம், படம் எடுத்தால்தான் தெரியுமாம். டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், இதை எழுதுகிறேன்.

உன்னுடையது அபூர்வமான கட்டி. இரைப்பைச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக வளர்வது. வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தபோது உள்ளே சுத்தமாக இருந்தது. அதனால்தான் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். தண்ணீரால் இரைப்பை நிறைந்தால்தான் சுவர் விரிந்து படத்தில் தெரியும் என்று நர்ஸ் மிஸ் சிங்களத்தில் சொன்னார். நான் உனக்குத் தமிழில் சொன்னேன்.

நீ குடித்தது இரண்டு மடக்கு. இருபது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். காலையில் பேர் பதியப் பெரட்டுக்குப் போனால் மாலை வரை தண்ணீர் பக்கம் போக மாட்டாய். மலையில் பொம்பளைகள் ஒதுங்க எங்கே இடமிருக்கிறது? நாம் எல்லோரும் அப்படித்தானே பழகினோம். மிச்சத்தை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டு என் கையைப் பிடித்தாய்.

"படுக்க வச்சிருக்கிற நேரத்துல முட்டிக்கிட்டு வந்தா என்னாடி செய்யிறது? குடிச்சாச்சுன்னு சொல்லிரு."

சொல்லிவிட்டேன். நல்ல சிங்களத்தில், முழுவதும் குடித்துவிட்டாள் என்று. படத்தில் இரைப்பை சுருங்கி மடிந்து கிடந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குக் கட்டி எதுவும் தெரியவில்லை என்றார்கள், நாம் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம். எட்டு மாதம் கழித்து நீ இரத்த வாந்தி எடுத்த பிறகுதான் அடுத்த படம். அதில் கட்டி தேங்காய் அளவு இருந்தது.

அந்தப் பொய் இல்லாவிட்டால் நீ இருந்திருப்பாயா? டாக்டரிடம் கேட்டேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உன் மேலும் கோபம் வருகிறது, தெரியுமா? செத்துப்போனவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

இப்போதுதான் நர்ஸ் மிஸ் வந்தார். முழுவதும் குடித்தாச்சா என்று கேட்டார். ஆமாம் என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது, அக்கா. விழுங்கிக்கொண்டு, பாதிதான் குடித்தேன் என்றேன். படுத்திருக்கும்போது முட்டிவிடுமோ என்று பயம் என்றும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வராந்தாவின் கடைசியைக் கை காட்டினார்.

அங்கே டொய்லட் இருக்கிறது, அக்கா. பத்தடிதான். அன்றைக்கு நாம் கேட்கவே இல்லை.

மிச்சத்தையும் குடித்துவிடுகிறேன். படத்தில் எது தெரிந்தாலும் வீட்டில் மறைக்க மாட்டேன். அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே போன தண்ணீரைப் பற்றியும் உன் மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுவேன்.

உனக்காகப் பொய் சொன்ன தங்கை,
செல்வி