ஜாபர், உன் கிடார் இப்போது சுருதி இறங்குவதில்லை

என் பேச்சை ஒருநாளும் கேட்காத என் அன்பு ஜாபருக்கு,

உன் கிடார் சுருதி நிற்கிறதடா. போன சனிக்கிழமை மாமல்லபுரம் ரிசார்ட்டில், கடலைப் பார்த்த அந்தப் புல்வெளியில்தான் நிகழ்ச்சி. உப்புக் காற்று மூஞ்சியில் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கம்பிகூட இறங்கவில்லை. நீ நம்பமாட்டாய். எனக்கு அது பிடிக்கவும் இல்லை.

யார் வாசித்தது என்று கேட்பாய். உன் மகள் ஷபானாதான். கோபித்துக்கொள்ளாதே, உன்னைவிட நன்றாக வாசிக்கிறாள். நீ செருப்புக் கடையில் வாடிக்கையாளரை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய் வாசிப்பாயே, அப்போது கல்லாவில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே பாதியைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். மீதியை போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். உன் அவசரம் அவளிடம் இல்லை. ஒரு சுரத்தைத் தொட்டால் அது முடியும் வரை காத்திருக்கிறாள்.

நீ போனபிறகு ரொம்ப நாள் அந்தக் கிடார் உறைக்குள்ளேயேதான் கிடந்தது. பிறகு ஒருநாள் அவளே எடுத்திருக்கிறாள். எடுத்த வேகத்தில் எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, இது இன்னா கிடாரு? ஒரு பாட்டு முடியறதுக்குள்ள எறங்கிப் பூடுது. அத்தா இத வெச்சிகினு எப்டி வாசிச்சாரு?"

நான் என்ன சொல்வது? உன் கிடாரின் லட்சணம் உனக்கே தெரியும். கம்பிகள் உட்காரும் பிரிட்ஜ் கடல் காற்றில் துருவேறிக் கிடந்தது. கழுத்தின் முனையில் கம்பி பதிந்து போகும் அந்த பிளாஸ்டிக் நட் தேய்ந்து, கம்பி அதில் சிக்கிச் சிக்கி நகரும். தலைப்பக்கத்து ட்யூனிங் கீகள் ஆடும் பல் மாதிரி ஆடும். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஒரு தொழிற்சாலையில் போல்ட் முடுக்கிச் சம்பளம் வாங்குகிறவன் நான். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கொடுடா, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்று?

"சாமான மாத்தினா சவுண்டு பூடும் மச்சான்" என்பாய். அதோடு விட்டாயா? உப்பு அண்டாது என்று சொல்லி பிரிட்ஜ் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவாய். கடற்கரையில் வாசிக்கிற கிடாரில் எவனாவது எண்ணெய் தடவுவானா? மாமல்லபுரத்து மணலில் பாதி உன் பிரிட்ஜில்தான் ஒட்டிக்கிடந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்காக நம் இசைக்குழுவின் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லா ஊரிலும் கிடார் சுருதி இறங்கினால் கிடார்காரன் நிறுத்திச் சரிசெய்வான். நீ நிறுத்தமாட்டாய். நிறுத்தினால் ஜனம் பிரியாணிப் பக்கம் போய்விடும் என்று உனக்குப் பயம். அதனால் நிகழ்ச்சியின் பாதியில் உன் கிடார் மெல்ல இறங்க ஆரம்பித்ததும் நான் என் பேஸ் கிடாரை இறக்குவேன். டேவிட் கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கி அமுக்கி அதையும் இறக்குவான். பாடுகிறவனும் நீதான் என்பதால் குரலும் கூடவே இறங்கிவிடும். யாரும் யாருக்கும் கண் காட்டியதுகூட இல்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒருமுறை அச்சரப்பாக்கத்தில் டேவிட் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான். "ஏண்டா இப்டி எறங்கிகினே கீற?" நீ கொஞ்சமாவது வெட்கப்பட்டாயா? "நான் எங்கடா எறங்கறேன்? நீங்கதான் ஏறிகினே போறீங்க!" என்றாய். அன்று ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஷபானாவுக்கு இந்தக் கதையெல்லாம் நான் சொல்லவில்லை. மாற்றிவிடலாம் என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்கு சொன்னேன். ஷிஃப்ட் என்றேன். மழை விடட்டும், மரம் ஈரம் குடித்திருக்கும் என்றேன். பொய்தான். உன் கை பட்ட ஒவ்வொன்றையும் நானே என் கையால் கழற்ற வேண்டுமா என்று இருந்தது.

கடைசியில் அவளுக்கு அலுத்துவிட்டது. "அப்ப இத பரண்ல போட்றலாம் மாமா. அத்தா சாமான்னு பாத்துகினே இருக்கவா முடியும்? வாசிக்கத்தான கிடாரு?" உன் மனைவி பாத்திமாவும் கதவோரம் நின்று, "அது சும்மா கெடந்தா வூடே ஒரு மாதிரி கீதுண்ணே. பாத்து செஞ்சு குடுங்க" என்றாள். அப்படியே வைத்தால் பரணுக்குப் போகும். மாற்றினால் உன்னுடையதாக இருக்காது. நீயே சொல், நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

பாகங்களை வரவழைத்தோம். எலும்பில் செதுக்கிய நட், துருப்பிடிக்காத பிரிட்ஜ், கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் ட்யூனிங் கீகள், கரகரக்காத வால்யூம் கட்டுப்பாடு, எல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில் கூரியரில் வந்தன. பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் ஓவென்று அழுதேன் ஜாபர். ஒரு மரக்கட்டைக்கு வேண்டியதெல்லாம் வீடு தேடி வருகிறது. உனக்கு ஒரே ஒரு சிறுநீரகம் தேடி நாம் எங்கெல்லாம் போனோம்! உன் தங்கைக்குச் சர்க்கரை. பாத்திமா கொடுக்கக் கூடாது என்றார்கள். என் ரத்தம் உனக்குச் சேரவில்லை. டயாலிசிஸ் முடிந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் என் பைக்கில் ஏறும்போது நீ ஒவ்வொரு தடவையும் கனம் குறைந்திருந்தாய். பின்னால் நீ உட்கார்ந்திருக்கிறாயா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்?

வேலையை உன் வீட்டுக் கூடத்திலேயே செய்தேன். பழைய பிரிட்ஜைக் கழற்றியதும் எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தது. ஷபானா மூக்கைப் பொத்திக்கொண்டாள். பாத்திமா கிட்டே வந்து குனிந்து முகர்ந்துவிட்டு உள்ளே போனாள்.

ட்யூனிங் கீகளில்தான் என் கை நின்றுவிட்டது. புதியவை பெரியவை. கிடாரின் தலையில் இருக்கும் துளைகளை அகலப்படுத்தினால்தான் உட்காரும். அகலப்படுத்தினால் பழையவை இனி எந்தக் காலத்திலும் அதில் நிற்காது. துளையைக் குடையும் ரீமரை அதில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். "இன்னா மாமா, தப்பான அளவா?" என்றாள் உன் மகள். "சரியான அளவுதாம்மா" என்று சொல்லித் திருக ஆரம்பித்தேன். மரத்தூள் என் மடியில் விழுந்தது.

நீ பயந்த மாதிரி சவுண்டு போகவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு கம்பியும் மணி மாதிரி தெளிவாக, நெடுநேரம் நின்று ஒலிக்கிறது. உன் கையில் அது எப்போதும் இருமிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த இருமல் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை அவளுக்கு முதல் மேடை. முதல் பாதி அருமையாகப் போனது. இரண்டாம் பாதியில், நீ வழக்கமாக இறங்கும் நேரத்தில், என்ன நடந்தது தெரியுமா? என் கை தானாக பேஸின் கீயைப் பிடித்து இறக்கிவிட்டது. நான் இறக்குகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. அதே பாட்டில் டேவிட்டும் பட்டனை அமுக்கியிருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் உன் பின்னால் கிளம்பிவிட்டோம் ஜாபர். நீதான் இல்லை. அவன் ஓரிடம், நான் ஓரிடம், அவள் மட்டும் சரியான இடத்தில். கேட்கச் சகிக்கவில்லை.

அவள் தன் தப்பு என்று நினைத்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்து, கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்து வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அத்தனை பேர் முன்னால் தலை குனிந்து நின்றாள். டேவிட் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு கிழங்களும் சுருதியைப் பழைய இடத்துக்கு ஏற்றிக்கொண்டோம். "வாசிம்மா" என்றேன். எப்படியோ முடித்தாள்.

சாப்பாடு ஆரம்பித்ததும் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கிட்டே வந்தாள். "நான்தான் தப்பா ட்யூன் வெச்சிட்டனா மாமா?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "நீ கரெக்டுதாம்மா. உங்கத்தா எறங்கற நேரம் அது. நாங்க பழக்கத்துல கூடவே எறங்கிட்டோம்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மறுபடியும் கிடாரைத் தோளில் மாட்டினாள்.

"எவ்ளோ எறங்குவாரு? இதுதான் இப்ப வெச்ச எடத்துல நிக்குமே. அத்தா இருந்த எடத்துல வெச்சி ஒரு தடவ வாசிச்சிப் பாக்கறேன்."

கீயைத் திருகினாள். ஒரு கம்பியைத் தட்டி, "இங்கியா?" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் கீழே என்றேன். டேவிட், இல்லை, மேலே என்றான். அவள் திருகினாள். "இங்கியா மாமா?" மறுபடி திருகினாள். "இங்கியா?"

எங்களுக்குத் தெரியவில்லை ஜாபர். அத்தனை வருஷம் கூடவே வந்தோம், ஆனால் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டால் எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் நீ ஒவ்வோர் இடத்தில் இருந்தாய். நீ வாசித்தாய், நாங்கள் வந்தோம், அவ்வளவுதான். "அவன் இருந்தாத்தான்டா தெரியும்" என்று சொல்லிவிட்டு டேவிட் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். உன் மகள் கம்பியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மிச்ச ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

அடுத்த மாதமும் அதே புல்வெளியில் வாசிக்கிறோம். அந்த நேரம் வரும்போது என் கை மறுபடியும் கீயைத் தேடும், அதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் திருகமாட்டேன். அவள் நிற்கிற இடத்தில்தான் நானும் நிற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. நீ மட்டும் கீழே தனியாக இறங்கிப் போவாய். மன்னித்துவிடு.

உன் மச்சான்,
உன் மகளுக்கு மாமா,
முரளி