நல்லெண்ண இடமாற்றம்

மார்ச் 4
முகாம் விருந்தினர் விடுதி, அறை 3

அன்புள்ள தம்பிக்கு,

வந்து சேர்ந்தேன். உடம்புக்குக் குறையொன்றுமில்லை, பொறுமைதான் இரண்டே நாளில் தேய்ந்துவிட்டது.

விசாரணைக் குழுவில் ஐந்து பேர். நால்வர் சீருடையில், ஐந்தாவது நான். ராணுவத்துக்கு வெளியிலிருந்து, படித்த பெண் ஒருத்தி கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். என்னை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று குழுத் தலைவரிடம் கேட்டேன். "நீங்க நம்ம கர்னலோட அக்கா, மேடம். நம்ம வீட்டு ஆளு" என்றார். நான் முப்பத்தைந்தாண்டுகள் பல்கலைக்கழகத்தில் தர்க்கவியல் நடத்தியது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் அழைத்திருக்க மாட்டார்.

கட்டடத்தில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. மைதானத்தைக் கடந்து அதிகாரிகளின் மனைவியர் சங்கத்துக்குப் போக வேண்டும். சாவி துணைத்தளபதியின் மனைவியிடம். "உங்க வீட்டுக்காரர் என்ன ரேங்க்?" என்று கேட்டார். அங்கே கணவனின் பதவி வரிசைப்படிதான் நாற்காலி போடுவார்கள். "தாவரவியல் வாத்தியார். போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சு" என்றேன். கடைசி நாற்காலியைக் காட்டினார்.

வழக்கை நான் வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். முகாமின் முடிதிருத்தும் கடையில் அது விலாவாரியாகப் பேசப்படுகிறது. எனவே உனக்கும் சொல்கிறேன். உன் பழைய சகாக்கள் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

புகார் தந்தவள் போக்குவரத்துப் பிரிவில் ஓட்டுநர், இருபத்தைந்து வயது. அவளுடைய மேலதிகாரியான மேஜரை எல்லாரும் 'புயல்' என்கிறார்கள். தினமும் காலையில் வண்டி சோதனை என்று முன்னிருக்கையில் ஏறி அமர்ந்து, கியர் சொல்லித் தருவதாகத் தொடையில் கை வைப்பாராம். கனரக வண்டி உரிமம் அவளிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை. பதினொரு வாரம் பொறுத்திருக்கிறாள். ஒருநாள் சாலையில் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சாவியை இருக்கையில் வைத்துவிட்டு நான்கு கிலோமீட்டர் நடந்து முகாமுக்கு வந்துவிட்டாள். ஓட்டத் தெரியாத புயல் இரண்டு மணி நேரம் வண்டியிலேயே அமர்ந்திருந்தது.

இரண்டு நாளாகக் குழு விசாரிப்பது எதை என்கிறாய்? வண்டியை.

"ராணுவ வண்டிய நடுவழியில விட்டுட்டு வந்தியே, எதிரி எடுத்துட்டுப் போயிருந்தா?" என்றார் தலைவர்.

"எந்த எதிரி, சார்? அந்த ரோட்டுல ஒரு பள்ளிக்கூடமும் ஒரு ரேஷன் கடையும்தான் இருக்கு" என்றாள் அவள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. குழுவுக்குப் பிடிக்கவில்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எழுது.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் என் சொல் கேட்பதில்லை. மற்றவர்களும் கேட்பதில்லை என்பதால் அதை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. உன் தம்பி மனைவி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அந்த மேஜரை எனக்கு நன்றாகத் தெரியும். பயிற்சிப் பள்ளியில் என் கையில் வளர்ந்தவன். கொஞ்சம் முரடு, வாய் நீளம், ஆனால் வேலையில் சிங்கம். வெள்ளத்தில் ஒரு கிராமத்தையே வண்டி வண்டியாக ஏற்றி வெளியே கொண்டுவந்தவன். ஒரு கை தவறிப் பட்டதற்காக அவன் இருபது வருட உழைப்பு போக வேண்டுமா என்பதை நீ நிதானமாக யோசிக்க வேண்டும். நான் சிபாரிசு செய்யவில்லை. தம்பியாகச் சொல்கிறேன்.

ராணுவம் ஒரு குடும்பம், அக்கா. குடும்பத்தில் நடப்பதைத் தெருவில் வைத்துப் பேசுவதில்லை. அந்தப் பெண்ணை வேறு முகாமுக்கு மாற்றிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். எல்லாருக்கும் அதுதான் நல்லது. அவளுக்கும்.

ஒரு நல்ல செய்தி. இந்த மாதம் 30ஆம் தேதி ரெஜிமென்ட் கூடுகிறது. புதிதாகக் கட்டிய கூடத்துக்கு என் பெயரை வைக்கிறார்கள். நான் பேச வேண்டுமாம். வழக்கம்போல் நீதான் எழுதித் தர வேண்டும். பத்து நிமிடத்துக்கு. எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

பதினொரு வாரம் தினமும் ஒரே இடத்தில் தவறிப் படும் கையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட கையோடு வெள்ளத்தில் அத்தனை பேரை எப்படிக் காப்பாற்றினார் என்பது ஆச்சரியம்தான்.

குடும்பம் என்றாய். நேற்று சாட்சி சொல்ல வந்த சார்ஜென்ட் ஒருவரும் அதையே சொன்னார். "மேஜர் எங்களுக்கு அப்பா மாதிரி" என்றார். அந்தப் பெண்ணிடம் அப்பா நடந்துகொண்ட விதம் எப்படி என்று கேட்டேன். குழுவின் மற்ற நால்வரும் கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தார்கள். அவள் உணவுக்கூடத்தில் நுழையும்போதெல்லாம் கியர் மாற்றுவதுபோல் கையை அசைத்துச் சிப்பாய்கள் சிரிக்கிறார்களாம். அப்பாவுக்கு இத்தனை பிள்ளைகள்.

இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வந்தேன். எதிர்பாராத ஒன்று இன்று காலை நடந்தது.

குழு முடிவெடுக்கும் முன்பே இடமாற்ற உத்தரவின் வரைவைத் தயாரித்து எங்கள் முன் வைத்தார்கள். அதில் ஒரு வாக்கியம்: "தங்கள் மன அமைதியையும் பணியிடத்தின் இணக்கத்தையும் ஒருசேரக் கருதி, தங்கள் சேவையின் சிறப்பு வேறோர் இடத்துக்கும் பயன்பட வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு இவ்விடமாற்றம் வழங்கப்படுகிறது."

அது என்னுடைய வாக்கியம்.

முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், நீ இதே முகாமில் தளபதியாக இருந்தபோது, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உனக்காக எழுதியது. ராணுவ மருத்துவமனை நர்ஸ் ஒருத்தியின் தாய்க்கு உடல்நலமில்லை, அவளே மாற்றல் கேட்கிறாள், காய்ந்த உத்தரவாக இல்லாமல் மனிதத்தன்மையோடு நாலு வரி வேண்டும் என்றாய். 'ஒருசேர' என்ற சொல்லுக்காகக் கால் மணி நேரம் யோசித்தேன். எழுதி முடித்ததும் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இது எங்கிருந்து வந்தது என்று தலைமை எழுத்தரிடம் கேட்டேன். நல்ல மனிதர். "இது மாதிரிக் கடிதம், மேடம். நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து இருக்கு. லேடீஸ் கம்ப்ளெய்ன்ட் வந்தா இதைத்தான் டைப் அடிப்போம். ரொம்ப நல்லா எழுதியிருப்பாங்க, யாரும் எதிர்த்துக் கேட்டதே இல்ல" என்றார். பழைய கோப்புகளைக் கொண்டுவரச் சொன்னேன். இந்த முகாமில் மட்டும் நாற்பத்தொரு உத்தரவுகள். நாற்பத்தொன்றும் பெண்களுக்கு. எல்லாவற்றிலும் என் 'ஒருசேர'.

முதல் உத்தரவு அந்த நர்ஸுடையது. கீழே உன் கையெழுத்து. அவளுடைய தாயைப் பற்றி அந்தக் கோப்பில் ஒரு சொல்கூட இல்லை.

என்ன நடந்தது என்று எழுது. சுற்றி வளைக்காதே.

அக்கா


மார்ச் 17

அக்கா,

குழுவில் உட்கார்ந்துகொண்டு என்னையே விசாரிக்கிறாய். சரி.

அவளுடைய தாய் நன்றாகத்தான் இருந்தார். ஒரு கேப்டன் அவளைத் தொந்தரவு செய்தான். மருந்து அறையில் கதவைத் தாழிட்டிருக்கிறான். மூன்று முறை என் அலுவலகத்துக்கு வந்து சொன்னாள். மூன்றாவது முறை எழுதியே கொண்டுவந்தாள். அவனுக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு. மாமனார் தலைமையகத்தில். நான் அவனைக் கூப்பிட்டுத் திட்டினேன். மேசையைத் தட்டித் திட்டினேன். பிறகு அவளை மாற்றினேன். அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை. தெரிந்த வழிகள் எனக்குச் சிரமமானவை என்று வேண்டுமானால் சொல்.

உன்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் எழுதித் தந்திருக்க மாட்டாய். அதனால் தாயைச் சேர்த்தேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தானே கேட்ட மாற்றலுக்கு, தாயைப் பார்க்கப் போகிற ஒருத்திக்கு, "மன அமைதி", "இணக்கம்" என்றெல்லாம் ஏன் எழுத வேண்டியிருக்கிறது என்று நீ கேட்கவில்லையே. எதையும் கேட்காமல் விடாத ஆள் நீ. நான் வாய்விட்டுச் சொன்ன சொற்கள் அவை. நீ அவற்றை அழகாகக் கோத்துத் தந்தாய்.

உரை எழுதிவிட்டாயா? நாள் நெருங்குகிறது.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

நீ கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு நாள் அதற்குப் பதில் தேடினேன். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நல்ல வாக்கியம் ஒன்று கைக்கு வந்தால் அது எதற்கென்று கேட்பதை நிறுத்திவிடுவேன் போலிருக்கிறது. மாணவர்களை இதே குற்றத்துக்காகத் தேர்வில் பெயிலாக்கியிருக்கிறேன்.

இனி வேலைக்கு வருகிறேன். 27ஆம் தேதி குழு முடிவு சொல்கிறது. இடமாற்றம் கையெழுத்தானால், விதி 14இன்படி புகாருக்கு 'நிவாரணம் வழங்கப்பட்டது' என்று கோப்பை மூடிவிடுவார்கள். வண்டியைக் கைவிட்ட குற்றச்சாட்டை மட்டும் மூட மாட்டார்கள். அவள் அதைச் சுமந்துகொண்டு புது முகாமுக்குப் போவாள். ஆறு மாதத்தில் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். நாற்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் ஓராண்டுக்குள் அப்படித்தான் போயிருக்கிறார்கள். நானே எண்ணினேன்.

இந்த உத்தரவு நிவாரணம் அன்று, புகாரை அழிக்கும் கருவி என்று நான் வாதிட்டேன். அந்த வாக்கியத்தை எழுதியவளே நான்தான் என்றும் சொன்னேன். தலைவர் நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார். "மேடம், இது எங்க காலத்துக்கு முன்னாடியே இருக்கிற வாசகம். கடவுள் எழுதின மாதிரி" என்றார். வெளியாள் சொன்னால் கருத்து. சீருடை போட்டவன் எழுதித் தந்தால்தான் ஆவணம். அதுதான் உங்கள் குடும்பத்தின் வழக்கம்.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். முதல் உத்தரவை எதற்காகப் பிறப்பித்தாய் என்று, எனக்கு எழுதியதை அப்படியே, கேப்டனின் பெயரோடும் உன் பதவியோடும் கையெழுத்திட்டு 26க்குள் அனுப்பு. அனுப்பினால் 30ஆம் தேதி உன் பெயரில் கூடம் திறக்க மாட்டார்கள். அதை உன்னிடம் மறைத்துப் பேசுவது மரியாதையாகாது.

உரையை நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

இத்துடன் வாக்குமூலம் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். நாலு முறை எழுதிக் கிழித்தேன். வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நீ சரிசெய்து தட்டச்சு செய்து அனுப்பினால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இல்லாவிட்டால் இப்படியே இருக்கட்டும், கீழே கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புகிறேன்.

அந்தக் கேப்டன் ஜெனரலாக ஓய்வு பெற்றான். நேற்று அவனே தொலைபேசியில் கூப்பிட்டான். முகாமிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வயசான காலத்துல உனக்கு எதுக்குடா இந்த வேலை? அக்கா பேச்சக் கேட்டு ஆடுறியா?" என்றான். சின்ன வயசிலேயே கேட்டிருக்கணும் என்றேன். தைரியமாகச் சொல்லவில்லை. அவன் பதில் சொல்லும் முன் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது இருக்கட்டும்.

இன்னொன்று. அந்த நர்ஸ் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரி. மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. அதை மட்டுமாவது நீ எழுதிக் கொடு.

தம்பி


ஏப்ரல் 6
வீட்டிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. அப்படியே குழுவின் முன் வைத்தேன். தலைவர் மூன்று முறை படித்தார். மூன்றாம் முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இத நீங்க திருப்பி வாங்கிக்கலாமே, மேடம்" என்றார். பதிவு எண் போட்டாகிவிட்டது என்றார் தலைமை எழுத்தர், யாரும் கேட்காமலே.

இடமாற்ற உத்தரவு கையெழுத்தாகவில்லை. வண்டிக் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். மேஜரை விடுப்பில் அனுப்பியிருக்கிறார்கள், சம்பளத்தோடு. புகாரை மேலிடத்துக்கு அனுப்பும் தீர்மானத்தில் நால்வரில் இருவர் கையெழுத்திட்டார்கள், நானும் சேர்ந்து மூவர். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பெண் அதே வண்டியை ஓட்டுகிறாள். அவள் உட்காரும் மேசையில் இன்னும் வேறு யாரும் உட்காருவதில்லை. "பரவாயில்ல மேடம், இடம் தாராளமா இருக்கு" என்றாள். மாதிரிக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். புதியது வரும்வரை பழையது நடப்பில் இருக்குமாம். யார் எழுதப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, என் முகத்தைப் பார்த்தார்கள்.

கூடத்துக்கு ஏதோ ஒரு நதியின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று கேள்வி. நதி எதையும் எழுதித் தராது என்ற தைரியம்.

நீ கேட்ட கடிதத்தை நான் எழுதித் தரவில்லை. காரணம் சொல்கிறேன்.

அந்த நர்ஸைத் தேடிப் போனேன். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஊர். அறுபது வயதுக்கு மேல். மாற்றலாகிப் போன இடத்தில் எட்டு மாதம்தான் இருந்தாராம். பிறகு ஒரு கண்ணாடிக் கடையில் கணக்கு எழுதி, இப்போது அந்தக் கடையையே நடத்துகிறார். நான் யாரென்று சொன்னேன். நீ வாக்குமூலம் எழுதித் தந்ததைச் சொன்னேன். கேப்டனின் பெயர் இப்போது கோப்பில் இருக்கிறது என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு மூக்குக் கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"கர்னல் எனக்கு எழுதணுமா? வேணாம்" என்றார். "எழுதினா நான் படிக்கணும். படிச்சா பதில் போடணும்னு தோணும். நான் எதுக்குங்க அந்த வேலையச் செய்யணும்?"

பிறகு, "அந்த ஆர்டரை என் அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க, உன் மேலதான் ஏதோ தப்பு இருக்கும்னு அம்மா சொன்னாங்க. சாகுற வரைக்கும் அப்படித்தான் நெனச்சாங்க. அத எழுதினது யாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும்னு இருந்துச்சு" என்றார்.

நான்தான் என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. வெளியே போகச் சொல்லவில்லை. கடையில் நாலு நாற்காலி காலியாக இருந்தது, உட்காரவும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வரவும் அவரைக் கவனிக்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பேருந்துக்கு வந்துவிட்டேன்.

அக்கா