பதினேழாம் எண் ஸ்பேனர்

2 பிப்ரவரி 2024, வெள்ளி

தோப்பும்படி பாலத்தில் பஸ் இருபது நிமிடம் நின்றது. நான் போய்த் திறக்காவிட்டால் பயிற்சிக் கூடத்தில் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற முடியாது. விமானத்தளத்தில் கருவி அறைக்காரியின் மதிப்பு அவள் தாமதமாக வரும் நாளில்தான் தெரிகிறது.

அறுபத்து நான்கு கொக்கி, அறுபத்து நான்கு கருவி, ஒவ்வொன்றிலும் அதன் கொக்கி எண் வெட்டியிருக்கும். எடுக்கிறவர் தன் பித்தளை டோக்கனை அந்தக் கொக்கியில் மாட்ட வேண்டும். மாலையில் எண்ணிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒன்று குறைந்தாலும் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. உள்ளே நிற்பது இனி ஒருநாளும் பறக்காத பழைய விமானம். பிள்ளைகள் கழற்றிக் கழற்றி மாட்டிப் படிப்பதற்கு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் விதி விதிதான்.

மதியம் சங்கர்ராம் சார் அவசரமாக வந்தார். தலைமைப் பயிற்சியாளர். "சுலைஹா, அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரக் குடுங்க. அஞ்சு நிமிஷம்." டோக்கன் தரவில்லை. நானும் கேட்கவில்லை. பதினொரு வருடப் பழக்கம்.

நாலரை மணிக்குக் கொக்கி காலி. சார் மீட்டிங்கில் இருந்தார். என் வீட்டுக்காரர் யூசுப்புக்குக் கலூரில் கண் டாக்டரிடம் ஆறு மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். சாரின் பாக்கெட்டில் இருக்கிற ஸ்பேனருக்காக நாற்பது பிள்ளைகளைப் பூட்டி வைப்பதா? அறுபத்து நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

5 பிப்ரவரி, திங்கள்

காலையில் சங்கர்ராம் சாரிடம் ஸ்பேனரைக் கேட்டேன். "எந்த ஸ்பேனர்? டோக்கன் இருக்கா?" என்று கேட்டார்.

மறந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார். யோசிக்கவே இல்லை. தொலைத்துவிட்டார், அது அவருக்குத் தெரியும். அவருடைய பதவி உயர்வுக் கோப்பு மேலே போயிருக்கிறது. என்னை நிரந்தரமாக்கும் கோப்பும்தான்.

இந்த மனிதர்தான் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பார்: கருவியைத் தொலைத்தவன் தானாகச் சொன்னால் தண்டனை இல்லை, மறைத்தால் மன்னிப்பில்லை. கூடத்தின் கதவுக்கு வெளியில் நின்றாலும் கேட்கிற குரல்.

நான் போய்ச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை ஏன் அறுபத்து நான்கு என்று எழுதினாய் என்று கேட்பார்களே — என்ன சொல்வேன்?

இன்றும் அறுபத்து நான்கு என்றே எழுதினேன்.

6 பிப்ரவரி

யூசுப்பிடம் சொன்னேன். இஞ்சி மண்டியிலிருந்து வந்து சாயா குடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "இதுக்கா ரெண்டு நாளா சோறு எறங்கல? பஜார்ல கெடைக்காத சாமானா? அதேமாரி ஒண்ணு வாங்கி மாட்டு, தீர்ந்நு."

கோபமாக வந்தது. அரை மணி கழித்துச் செருப்பை மாட்டினேன்.

அதே கம்பெனி, அதே அளவு, மட்டாஞ்சேரியில் மூன்றாவது கடையிலேயே கிடைத்தது. எண் வெட்டப் பிச்சை அண்ணனிடம் போனேன். கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர். "பதினேழு மட்டும் போதுமா? மாப்பிள பேரு வேண்டாமா?" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

7 பிப்ரவரி

மாட்டிவிட்டேன். எண்ணிக்கை சரி. இனி நான் எழுதுவது பொய்யில்லையாம். தூ.

20 பிப்ரவரி

நிரந்தரப் பட்டியலில் நான்காவதாக என் பெயர். சங்கர்ராம் சார் வாழ்த்துச் சொன்னார். நன்றி சார் என்றேன்.

11 மார்ச், திங்கள்

அதிதி கண்டுபிடித்துவிட்டாள்.

திருநெல்வேலிப் பெண், இந்த வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள். விமானி இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தவள், கையை உயர்த்தி, "கருவி கிடைத்தது!" என்று கத்தினாள். அப்படித்தான் கத்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். எண்ணைப் பார்த்துவிட்டு, திருப்பி மாட்ட அவளே ஓடி வந்தாள், பின்னாலேயே பாதி வகுப்பு. பதினேழாம் கொக்கியில் ஏற்கெனவே ஒரு பதினேழு தொங்குகிறது.

"அக்கா, இங்க ஒண்ணு இருக்கே?"

சங்கர்ராம் சார் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். ஐந்து வாரத்தில் முதல் தடவை.

14 மார்ச், விசாரணை

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஜார், பிச்சை அண்ணன், எல்லாம். அதிதியைக் கூப்பிட்டார்கள். அன்று டோக்கன் வைக்கும் வரிசையில் நின்றிருந்தாளாம். "சார்தான் வாங்கிட்டுப் போனாங்க. டோக்கன் குடுக்கல," என்றாள். இன்னும் பரீட்சை எழுதாத பெண், அவர் முன்னாலேயே சொன்னாள்.

அதற்குப் பிறகும் என்ன நடந்தது? அதிகாரி நிதானமாக விளக்கினார். டோக்கன் தராதது கவனக்குறைவு, அதற்கு எச்சரிக்கை. இல்லாததை இருப்பதாக எழுதி, போலி எண் வெட்டி மாட்டியது மோசடி, அதற்கு வேலை நீக்கம். குரலைக்கூட உயர்த்தவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

வெளியே அதிதி அழுதுகொண்டு நின்றாள். "அக்கா, நான் கையத் தூக்காம இருந்திருக்கணுமோ?"

நீ செய்ததுதான் சரி என்றேன். மனசாரச் சொல்லவில்லை. பாவி, பேசாமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன். நோன்பு வைத்துக்கொண்டு இப்படியெல்லாம் நினைக்கிறேன்.

2 ஏப்ரல்

யூசுப் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், "ரெண்டுல ஒண்ண அந்தக் குட்டி கடல்ல எறிஞ்சிருக்கலாம்." வாங்கச் சொன்னவர் அவர். வாங்கினவள் நான்.

22 ஏப்ரல், திங்கள்

நுழைவு அட்டையைத் திருப்பித் தரப் போனேன். புது வகுப்பு ஆரம்பித்திருக்கிறது. பயிற்சிக் கூடத்தைத் தாண்டித்தான் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கதவு திறந்திருந்தது.

முன்வரிசைக்கு எதிரே ஒரு கண்ணாடிப் பலகை. அதில் இரண்டு ஸ்பேனர், இரண்டிலும் பதினேழு. ஒன்றின் கீழ் 'அசல்', இன்னொன்றின் கீழ் 'போலி'. சங்கர்ராம் சார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இங்கே ஒரு பெண் பதினொரு வருடம் வேலை பார்த்தாள், ஒரே ஒரு பொய்க் கையெழுத்தில் எல்லாம் போயிற்று என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. டோக்கன் தராத ஆள் அந்தக் கதையில் இல்லவே இல்லை.

பிறகு பலகையைத் தட்டிக்காட்டினார். "இந்த அசலோட பாலிஷப் பாருங்க. பஜார்ல வாங்கின சாமானுக்கு இது வருமா?"

பளபளவென்று இருந்தது நான் வாங்கியது. எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளின் கைபட்டு முனை மழுங்கி நிறம் மங்கிப்போன நிஜமான பதினேழின் கீழே 'போலி' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

சார் என்னைப் பார்த்துவிட்டார். பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். தப்பு தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும், அதுதான் அங்கே முதல் பாடம்.

நான் சொல்லவில்லை. அலுவலகத்துக்குப் போய் அட்டையைக் கொடுத்தேன். திருப்பித் தந்ததற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டுவிட்டு வந்தேன்.